அரை நிமிஷக் கொசுறு

பாய், இன்று காலை வேங்கிக்காலில் காய்கறி வாங்கினேன். கடைக்காரப் பெண் கேட்காமலேயே ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "வேணாம்மா, எடுத்துடு" என்றேன். "கொசுறை யாராவது வேணாம்பாங்களா?" என்று முறைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்!

உங்கள் கடையில் வாங்கிய காலமெல்லாம் நான் கொசுறை வேண்டாம் என்றதே இல்லை. எந்நேரமும் ஈரக்கீரையிலும் மண்ணிலும் கிடந்த உங்கள் வலது புறங்கையில் அரிக்கும் கரப்பான் புண் வந்தது. வெடித்து நீர் கசிந்தது. நான் வேலை பார்த்த தோல் ஆஸ்பத்திரியில் அப்போது அதற்கு எக்ஸ்ரே கதிர் வைப்போம். டாக்டர் அளவு எழுதித் தருவார். ஈயத்தகட்டில் ஓட்டை வெட்டி, புண்ணை மட்டும் வெளியே விட்டு, மெஷினை ஓட்டுவது நான்.

மூன்றாவது முறை வந்தபோது கேட்டீர்கள்: "பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள்ள கை ஆறணும் சார். நான் கறிவேப்பிலை போடறேன்ல? நீங்க ஒரு அரை நிமிஷம் ஜாஸ்தி போடுங்க."

சிரித்துக்கொண்டே போட்டேன். அடுத்தடுத்த முறையும் போட்டேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. எவ்வளவு பெரிய மடையன் நான்! கை ஆறியது. பௌர்ணமியன்று கூட்டத்துக்கு நடுவே அதைத் தூக்கிக் காட்டினீர்கள்.

பிறகு நல்ல களிம்புகள் வந்தன. கதிரால் பின்னாளில் புற்று வரலாம் என்று தெரிந்து, டாக்டர்கள் கரப்பானுக்கு அதை வைப்பதைக் குறைத்து, கடைசியில் விட்டேவிட்டார்கள். எங்கள் மெஷினுக்கும் துணி போர்த்தினார்கள். என் வேலை போகிறதே என்று உங்கள் கடையில் வந்துதான் புலம்பினேன். எதிரே தராசு பிடித்த உங்கள் கையை ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

வருடங்கள் கழித்து அதே இடத்தில் ஆறாத புண். புற்று, பரவிவிட்டது என்றார்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற இளம் டாக்டரிடம், "இவருதான் சார், அப்போ எனக்குன்னு கதிர் ஜாஸ்தியா வெச்சாரு. இத்தனை வருஷம் அரிப்பே கிடையாது. தங்கமான மனுஷன்" என்றீர்கள்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். "ரொம்பப் பேசாதீங்க பாய், ரெஸ்ட் எடுங்க" என்றேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

அந்த அரை நிமிஷம் இல்லாவிட்டாலும் வந்திருக்குமோ என்னவோ. யாராலும் சொல்ல முடியாது என்கிறார்கள். அதனால் மனசு ஆறவா போகிறது?

கறிவேப்பிலையை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன நன்றியை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது, பாய்?