காளைக்கு வேகம் வைத்த வாரம்

ஜன. 21, புதன்
வெயில் ஏறியும் பனி விலகவில்லை. மாவு அரைக்கணும். கேஸ் புக் பண்ணணும்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் நான் சேர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை இன்னும் சரிப்படவில்லை. குள்ளர்கள் கோட்டை கட்டும் விளையாட்டு. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு ஃபைல், அதில் தாக்குதலுக்கு இரண்டு எண். கொம்பை ஓங்க எவ்வளவு நேரம், குத்திய பின் சுதாரிக்க எவ்வளவு நேரம். இரண்டாவதைக் கூட்டினால் காளை பசு மாதிரி நிற்கும். நேற்று ரொம்பக் குறைத்துவிட்டேன் போல. குள்ளர்கள் அத்தனை பேரும் காலி. பாவம்.

எதற்குக் குத்துமதிப்பு? மாமா வீட்டில்தான் நிஜக் காளையே நிற்கிறதே.

ஜன. 22, வியாழன்
மாமா வீட்டுத் தொழுவம். மாமா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தம்பி பாண்டி சாக்கைக் காட்டி உசுப்ப, நான் போனில் ஸ்லோ மோஷன். ஒரு குத்து, நல்ல இடைவெளி, அப்புறம்தான் தலை திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே. அதைக் கணக்காக்கி ஃபைலில் போட்டேன். அசல் மாமா காளை!

பாண்டி ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வாடிவாசலில் மாடு பிடிக்க இறங்குகிறான். டோக்கன் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

ஜன. 23, வெள்ளி
பாண்டி லேப்டாப்பை விடமாட்டேன் என்கிறான். விளையாட்டில் ஓர் ஆளை இறக்கி, காளை குத்தி முடிக்கும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் திமிலுக்குத் தாவுகிறான். முதலில் செத்துச் செத்து விழுந்தான். இப்போது ஒரு காளையையும் விடுவதில்லை. போனில் கூட்டாளியிடம் பீற்றல் வேறு: "மொத குத்து முடியட்டும், ஒடனே பாஞ்சிரணும். எங்கக்கா கணக்குப் போட்டுக் குடுத்திருக்குடா."

"டேய், இது வெளையாட்டுடா."

"மாமா மாட்டப் பாத்துத்தானக்கா போட்ட?"

உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஜன. 24, சனி
பாண்டி மதியமே கிளம்பிவிட்டான். அம்மாவிடம் நார்த்தாமலை கோயில் என்று பொய்.

சாயங்காலம் மாமா வந்தார். டீ. நாளைக்கு அவர் காளையையும் அவிழ்க்கிறார். "வாடியில மூக்கணாங்கயித்த அறுத்துவிட்டாத்தான் அவன் வேகமே தெரியும். கயித்துல நிக்கிறப்ப மூக்கு வலிக்கும்ல, பையத்தான் திரும்புவான்."

பிறந்ததிலிருந்து பார்க்கிற கயிறு. மாட்டுக்குக் காது இருப்பதுபோல அதுவும் இருக்கும் என்றே இருந்துவிட்டேனே! வாடியில் எந்த மாட்டுக்கும் அது கிடையாது. நான் எடுத்த கணக்கு முழுக்கத் தப்பு.

பாண்டிக்குப் போன். சுவிட்ச் ஆஃப். கூட்டாளிக்கு. சுவிட்ச் ஆஃப். மாரியாத்தா.

ஜன. 25, ஞாயிறு
ஸ்கூட்டியில் ஓடினேன். ரோடு பூராவும் மாடு ஏற்றிய வண்டி. வாசலில் போலீஸ்காரர், "கேலரி அங்கிட்டும்மா." தம்பி உள்ளே இருக்கிறான், ஒரே வார்த்தை சொல்லணும் என்றேன். "எல்லாருக்குந்தான் தம்பி இருக்கான், போம்மா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பனியனில் பாண்டி. தொண்டை கிழியக் கத்தினேன். மைக் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

செவலைக் காளை ஒன்று வந்தது. முன்னால் நின்றவனை முட்டித் தள்ளியது. குத்து முடிந்தது என்று பாண்டி பாய்ந்தான், விளையாட்டில் பாய்ந்த அதே மாதிரி. இடைவெளியே இல்லை.

இதற்கு மேல் இன்றைக்கு முடியாது.

ஜன. 26, திங்கள்
புதுக்கோட்டை, ஆஸ்பத்திரி. தொடையில் கொம்பு. பெரிய ரத்தக்குழாய் தப்பியது. "கொஞ்சம் தள்ளியிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். அம்மா என்னிடம் பேசவே இல்லை.

வாங்க: பால், பிளாஸ்க், துண்டு, அவன் சார்ஜர்.

பாண்டி கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, வீடியோ, தப்பான எண். என்னாலதான்டா என்று அழுதேன்.

"அப்பக் கயிறு இல்லாத மாட்டோட வேகத்தப் போட்டுக் குடுக்கா. அடுத்த வருசத்துக்குப் பழகிக்கிறேன்."

ஓங்கி ஓர் அறை. வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் சேத்து இன்னொன்னு போடுடி" என்றாள்.