புதன்கிழமைச் சாப்பாடு

தேனி,
6.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ நலமில்லை என்பது மதினி போனில் சொல்லித் தெரிந்துவிட்டது. மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்களாம், வயிற்றில் புண்ணாம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், காரம் கூடாது, வெறும் வயிற்றில் டீ கூடாது என்று டாக்டர் சொன்னாராம். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே டீ குடித்தாயாம். உன்னை என்னதான் செய்வது?

போன் போட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பேச மாட்டேன் என்று நாலு வருடத்துக்கு முன்னால் எல்லார் முன்னாலும் சொன்னவன், எழுதினால் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதன்கிழமைதோறும் முருங்கைக்காய் மூட்டைகளோடு தேனி மார்க்கெட்டுக்கு வருகிறாய். ஏலம் முடிந்து நீ ஊர் பஸ் ஏறுவதற்குள் மணி இரண்டு ஆகிவிடுகிறது. மத்தியானச் சாப்பாட்டைக் கண்ட கடையில் முடிக்கிறாய். என் வீடு நடந்து வரும் தூரம்தான். கூப்பிட்டால் வர மாட்டாய், தெரியும். உன் மகன் மதன்குமாருக்குப் பெண் கேட்டு நீ தட்டோடு வந்த அன்றைக்கு, என் மகள் அனுசுயா 'எனக்கு இஷ்டமில்ல மாமா' என்று சொன்னாள். போட்ட இலையிலிருந்து நீ எழுந்தாய். "இனி இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த இலையை நான்தான் எடுத்துப் போட்டேன். கை நனைக்காத வீடு உறவில்லாத வீடு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் ஊர் கோம்பைக்கே தெரியும்.

சரி, வராதே. வயிற்றையாவது கெடுத்துக்கொள்ளாமல் இரு. இந்த ஊரில் எங்கே நல்ல மதியச் சாப்பாடு கிடைக்கும் என்று நானே போய்ச் சாப்பிட்டுப் பார்த்து உனக்கு எழுதப் போகிறேன். நேற்றும் முந்தாநாளும் இரண்டு இடம் பார்த்தாயிற்று.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல். போகாதே. ரசம் தொண்டையைப் பிடுங்குகிறது. பொரியலில் தாளித்த வற்றல் பொரியலை விட அதிகம். பெரியகுளம் ரோட்டில் ஏலக்காய் வியாபாரிகள் சாப்பிடும் மலையாளத்துக்காரர் கடை. அங்கே போகலாம். மோர்க்கறியில் காரமே இல்லை. பன்னிரண்டரைக்குப் போய்விடு, ஒன்றரைக்கெல்லாம் தீர்ந்துவிடும்.

உன் தங்கை,
சண்முகத்தாய்


கோம்பை,
13.6.2024

தங்கச்சி சண்முகத்தாய்க்கு, சுந்தரலிங்கம் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் மதினி பேனாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன். என்ன எழுதுவேன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மலையாளத்துக்காரர் கடைக்குப் போனேன். நீ சொன்னதற்காக இல்லை, மற்ற கடைகளில் கூட்டம். மோர்க்கறி பரவாயில்லை. சோறுதான் ஒவ்வொரு பருக்கையும் தடித்தடியாக நிற்கிறது, மென்று மென்று தாடை வலிக்கிறது. அந்த மனுசர் நல்ல மனுசர். "கொறச்சு கூடி?" என்று, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று அவர் பாஷையில் கேட்டுக்கேட்டு ஊற்றினார்.

நீ எதற்கு ஓட்டல் ஓட்டலாக அலைகிறாய்? கமிஷன் கடையில் முத்துவீரன் என்னிடமே கேட்கிறான்: "உங்க தங்கச்சி முந்தாநாள் தன்னந்தனியா ஓட்டல்ல சாப்ட்டுக்கிட்டு இருந்தாகளே, வீட்ல ஏதும் பிரச்சினையாண்ணே?" எனக்கு எப்படி இருக்கும்? அவன் பார்த்ததை ஊரெல்லாம் சொல்லுவான். இதோடு நிறுத்திக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சுந்தரலிங்கம்

காரம் குறைவாகப் போடும் கடை வேறு ஏதாவது இருந்தால் எழுது. அவசரமில்லை.


தேனி,
20.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்துவீரன் பார்த்தால் பார்க்கட்டும். போன வாரம் அவனே மூன்றாவது தடவை கூட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தான், அதை உன்னிடம் சொன்னானா?

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் சமைத்து இவருக்கு எடுத்து வைத்துவிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். மதுரை ரோட்டில் ஒரு ஓட்டல், சாம்பார் வெல்லப் பாகு. ரயில்வே கேட் பக்கம் ஒரு கடை, இலையை நன்றாகத்தான் கழுவுகிறார்கள், கூட்டு முந்தின நாள் கூட்டு. நேரு சிலை பக்கம் ஒன்று, ருசியெல்லாம் சரி, ஆனால் நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று நம் இலையையே பார்க்கிறான். உனக்கு அங்கே ஒரு வாய் இறங்காது. உங்க மாப்பிள்ளை, "என்னதான் ஆராய்ச்சி பண்ற நீ? என் சாப்பாடும் அங்கனயே ஆயிரும்போல" என்கிறார். எதற்காக என்று அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை.

ஒரு சேதி. இவர் ரிட்டயர் ஆகிவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். அனுவுக்கு ஏழாம் மாதம், அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் கோயம்புத்தூரில் பகலெல்லாம் தனியாக இருக்கிறாள். அதனால் தேனி வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்களும் அங்கேயே போகிறோம். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்ற முடியாது. ஜூலை பத்து, புதன்கிழமை, நாள் பார்த்தாயிற்று.

அதற்குள் ஒரே ஒரு வேளை நீ என் வீட்டில் சாப்பிட வேண்டும் அண்ணே. போன பிறகு யார் எங்கே, எப்போது பார்ப்போம்? இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் இருந்தேன், நாலு வருடமாக உனக்கு ஒரு பிடி சோறு போடவில்லை. இந்தக் குறையோடு என்னை லாரி ஏற்றாதே.

கோபம் வருகிறதா? சரி, விடு. வரும் புதன்கிழமை பங்களாமேட்டில் ராக்கம்மாள் அக்கா மெஸ்ஸுக்குப் போ. போர்டு இருக்காது, பச்சைக் கதவு. முன்னறையில் எட்டுப் பேர்தான் உட்காரலாம். உனக்குக் காரம் ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கட்டாயம் போ.

உன் தங்கை,
சண்முகத்தாய்


கோம்பை,
27.6.2024

தங்கச்சிக்கு,

நேற்று பச்சைக் கதவுக்குப் போனேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். நாலு வருடத்தில் தேனியில் நான் இப்படிச் சாப்பிட்டதில்லை. மிளகாயே இல்லாமல் சுண்டைவற்றல் குழம்பு, தேங்காய்ப்பால் ஊற்றி மணத்தக்காளிக்கீரைக் கூட்டு, புளிக்காத மோர். இரண்டாம் தடவையும் சோறு வாங்கினேன். ஊர் வந்து சேரும்வரை வயிறு எரியவில்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டேன், கண்டக்டர்தான் எழுப்பினார்.

அந்த அம்மாவிடம், "இது எங்க பக்கத்துக் கைப்பக்குவமால்ல இருக்கு, எங்கன கத்துக்கிட்டீக?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டது. வரும் புதனும் அங்கேதான்.

கோயம்புத்தூர் போவது நல்லது. பிள்ளைக்குத் துணை வேண்டும். உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி மட்டும் எழுதாதே. மதனுக்குக் கல்யாணமாகி விஜியோடு நன்றாகத்தான் இருக்கிறான். அனுவோடு அவன் போனில் பேசுவதும் சிரிப்பதும் எனக்குத் தெரியும். அவனுக்கு மறந்துபோயிற்று. பத்துப் பேர் பார்க்கத் தட்டோடு படியிறங்கினது அவன் இல்லை, நான்.

இப்படிக்கு,
சுந்தரலிங்கம்


கோம்பை,
4.7.2024

சண்முகத்தாய்க்கு,

நேற்று உன் தந்திரம் வெளியே வந்துவிட்டது. என் இலைக்கு எதிரே ஒரு பேங்க்காரர். "ஏம்மா, அவருக்கு மட்டும் தேங்காப்பால் ஊத்திக் கீரை, எங்களுக்கு வெறும் முட்டைக்கோசா?" என்று சத்தம் போட்டார். அந்த அம்மா முழித்தது. நான் அடுப்படியை எட்டிப் பார்த்தேன். மேடைமேல் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. உன் கல்யாணத்துக்கு நான் சீராக வாங்கிக் கொடுத்த தூக்குச்சட்டி. 'சண்முகத்தாய்' என்று பேர் வெட்டினது என் கண் முன்னால். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா?

மோர் வருவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். முன்னறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார்.

உன் வீட்டு அடுப்பில் ஆக்கினதை எனக்குத் தெரியாமலே இரண்டு புதன் தின்ன வைத்துவிட்டாய். ஊரார் முன்னால் சொன்ன சொல்லை என் வாயாலேயே மெல்ல வைத்துவிட்டாய். 'ருசியா இருக்கு' என்று வேறு உனக்கே எழுதியிருக்கிறேன், கிறுக்கன் மாதிரி. இனி எனக்குக் கடிதம் போடாதே.

சுந்தரலிங்கம்


தேனி,
6.7.2024

அண்ணனுக்கு,

இது கடைசிக் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஆமாம், நான்தான் சமைத்தேன். நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பேர் வெட்டின பாத்திரத்தை எவளாவது அனுப்புவாளா என்று கேட்பாய். மற்ற பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது, வெளியே கிடந்தது அது ஒன்றுதான். நான் ராக்கம்மாள் அக்கா வீட்டுப் பின்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு புதனும். முதல் புதன் "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கே தெரியாது, அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது புதன் பெஞ்சு நகர்ந்த சத்தமும் கேட்டது. நான் போட்ட சோற்றிலிருந்து நீ எழுந்து போனது இது இரண்டாவது தடவை. இனி மூன்றாவது தடவைக்கு நான் இலை போடுவதாக இல்லை.

தெரியாமல் போட்டது தப்புதான். வேறு எப்படித்தான் போடுவது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருடமாகச் சொல்ல விடாமல் போனை வைத்தாய், இதில் உன்னால் வைக்க முடியாது. அன்றைக்கு நீ தட்டோடு வருவதற்கு முன்னால் நான் அனுவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அண்ணன் மகன்தானே, மாட்டேன் என்று சொல்லுவாளா என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, 'வாண்ணே' என்று உன்னை வரச் சொன்னேன். உன்னைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தது அவள் இல்லை. நான். அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு. என்னை மன்னிக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் குழந்தை பிறக்கும்போது மாமனாக ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா.

புதன்கிழமை லாரி வருகிறது. உன்னைக் கூப்பிடவில்லை. அடுப்பையும் சிலிண்டரையும் காலையிலேயே கழற்றிவிடுவோம், வந்தாலும் உனக்குப் போட என்னிடம் ஒன்றும் இருக்காது. மலையாளத்துக்காரர் கடைக்கே போய்க்கொள். பன்னிரண்டரைக்குப் போ.

சண்முகத்தாய்


ராக்கம்மாள் மெஸ், தேனி,
10.7.2024, புதன், மத்தியானம்

ஆத்தா சண்முகத்தாய்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் மதினி இரண்டு தடவை படித்துவிட்டு அழுதாள். நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். போன புதன் பாதியில் எழுந்து போனவன் அன்றைக்கு வேறு எங்கும் சாப்பிடவில்லை. கடை கடையாகப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். ராத்திரி வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

இன்றைக்கு மூட்டையை இறக்கினதும் ஏலத்துக்கு நிற்கவில்லை. உன் தெருப் பக்கம் வந்தேன். பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "சுவத்துல இடிக்காதீகப்பா" என்று நீ மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தாய். இளைத்துப்போயிருக்கிறாய். ஊர் ஓட்டலிலெல்லாம் சாப்பிட்டாயே, எங்கே போயிற்று அத்தனையும்? படியேறக் கால் வரவில்லை. திரும்பி இங்கே வந்துவிட்டேன்.

இந்த அம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டது. "இலைய விட்டு எந்திரிச்சுப் போனவுகளுக்கு இங்கன சோறு கிடையாது. உங்க தங்கச்சி அங்கன பின்வாசல்ல நின்னு என்னமா அழுதுச்சு தெரியுமா? போங்க, போற இடம் உங்களுக்குத் தெரியும்." எட்டுப் பேருக்கு முன்னால்தான் சொன்னது. எனக்கு ரோஷம் வரவில்லை. ஆறு சாப்பாடு பார்சல் கட்டச் சொன்னேன். உனக்கு, மாப்பிள்ளைக்கு, லாரிக்காரர்கள் மூன்று பேருக்கு. ஆறாவது எனக்கு.

பார்சலுக்குக் காத்திருக்கும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைச் சோறு, உன் அடுப்பில் ஆக்கினது இல்லை, காலி செய்த வீடு. அதனால் சொன்ன சொல் கெடாது என்று. அதெல்லாம் யாராவது கேட்டால் சொல்வதற்கு. உனக்கு ஏன் பொய் எழுத வேண்டும்? கை நனைக்கத்தான் வருகிறேன்.

அனுவிடம் கேட்கவில்லை என்று எழுதினாய். நானும்தான் மதனிடம் கேட்கவில்லை. போன மாதம் கேட்டேன். "நீங்க கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்ப்பா" என்றான். அதைக் கேட்ட பிறகும் உனக்கு எழுதாமல் இருந்தேன் பார், அது என் தப்பு. குழந்தை பிறந்ததும் நானும் மதினியும் வருகிறோம் என்று பிள்ளையிடம் சொல்.

திடீரென்று வந்து நின்றால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை ஆட்டோக்காரர் சங்கிலியிடம் கொடுத்து மேலே அனுப்புகிறேன். மாப்பிள்ளையை எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல். பார்சலோடு கீழே லாரிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

தரையைப் பெருக்கிவிட்டு ஒரு குரல் கொடு. பசிக்கிறது தாயி.

உன் அண்ணன்,
சுந்தரலிங்கம்