றிஸானா வீட்டு மோட்டார் சைக்கிள்

11 ஓகஸ்ட் 2024, ஞாயிறு

இன்று திகனயில் வண்டி பார்க்கும்போது இருந்தவர்கள்: நான், என் கணவர், பைக் திருத்தும் ஷிஹாப், வீட்டுக்காரி றிஸானாவின் தம்பி பஹீம். நாங்கள் நால்வரும் முற்றத்தில். றிஸானா உள்ளறையில், துக்கம் காக்கும் இத்தாவில். அவளுடைய கணவர் மௌத்தாகி இரண்டு மாதம். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள் என்பதால் விலை பேச நான்தான் உள்ளே போனேன்.

2006ஆம் ஆண்டு வண்டி. ஓடியது பதினோராயிரம் கிலோமீட்டர்தான். அந்த மனிதர் சவூதியில் வேலை செய்தவர், லீவில் வந்தால் மட்டும் ஓட்டுவாராம். ஷிஹாப் கால் வைக்கும் ரப்பரைத் தடவிப் பார்த்தான். "மீட்டர் சரி நானா. ரப்பர் தேயவே இல்ல. விட்டுடாதீங்க" என்று இவரிடம் மெல்லச் சொன்னான். எனக்கும் கேட்டது.

உள்ளே வெள்ளை உடுப்போடு இருந்தாள். மூன்று இலட்சம் கேட்டாள். நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னேன்: "பதினெட்டு வருஷ வண்டி. இந்த மீட்டர யாரு நம்புவாங்க? பின்னுக்குத் திருப்பி ஈக்கிண்டுதான் சனம் கதைக்கும்."

அவள் சொன்னது: "அப்ப நீங்களே ஒரு விலய செல்லுங்க ராத்தா."

இரண்டு இலட்சத்து நாற்பதுக்கு முடிந்தது. எங்கள் மடவளை வரும்வரை இவருக்கு ஒரே சிரிப்பு. "அஸீமா, ஒன்னக் கூட்டிப் போனா கோட்டுக்கும் லோயர் தேவல்ல." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கணக்கில் 'மிச்சம் 60,000' என்று எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ்.

12 திங்கள்

இவர் முதல் தடவையாகப் பேராதனைக் கடைக்கு இரண்டு பஸ் மாறாமல் போய் வந்தார். மஃரிபுக்கு முன்பே வீட்டில்.

நான் பொய் சொல்லவில்லை. சனம் என்ன கதைக்கும் என்றுதானே சொன்னேன். யாரும் கேட்காதபோது இதை ஏன் எழுதுகிறேன்?

16 வெள்ளி

சுபஹுக்குப் பிறகு ஓதியபோது தகப்பனில்லாத எத்தீம்களின் சொத்தைப் பற்றிய ஆயத்து வந்தது. தர்ஜமாவை எடுத்துத் தமிழிலும் வாசித்தேன். மேலே ஓத முடியவில்லை, மூடிவிட்டேன்.

றிஸானாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த வண்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஆறாம் வகுப்பில். தர்ஜமா வாசிக்கிற அளவுக்குத் தமிழை நானாகத்தான் பழகினேன். பழகாமலே இருந்திருக்கலாமோ? அஸ்தஃபிருல்லாஹ், என்ன நினைப்பு இது.

19 திங்கள், போயா

றிஸானாவிடமிருந்து ஒரு வொய்ஸ். வண்டிப் புத்தகத்தைப் பற்றியாக்கும் என்று போட்டேன். இல்லை.

"ராத்தா, கொற நெனைக்காதீங்க. வெளிய போய் யாருட்டயும் கேக்க ஏலா எனக்கு. நீங்க வந்து போனதிலேந்து ஒரே யோசின. அவர் மெய்யாவே மீட்டர திருப்பி ஈப்பாரா? கடன் ஈந்தா குடுத்து முடிக்கலாம். ஆள ஏமாத்த அப்பிடிச் செஞ்சிருந்தா, மௌத்தான மனிசனுக்காக நான் யாருட்ட போய் மாப்பு கேக்குற?"

மூன்று தடவை கேட்டேன். சீ, என்ன பொம்பள நான்! அறுபதாயிரத்தை மட்டும் எடுத்து வந்தேன் என்று நினைத்திருந்தேன். அடைபட்டுக் கிடக்கிறவளிடம் அவளுடைய புருஷனையே கள்ளனாக்கி விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இவருக்கும் போட்டுக் காட்டினேன். "யாவாரத்தில இதெல்லாம் செல்றதுதானே..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எழும்பிப் போய் வண்டியைப் படங்குச் சீலையால் மூடினார்.

20 செவ்வாய்

இவர் பஸ்ஸில் போனார்.

21 புதன்

என் சீட்டுக் காசில் அறுபதாயிரத்தை எடுத்துக்கொண்டு திகன போனேன். பஹீமையும் கூப்பிட்டு அறை வாசலில் நிற்கச் சொன்னேன். அவனும் கேட்க வேண்டும்.

"மீட்டர் சரி. ஷிஹாப் முற்றத்திலேயே சென்னான். எனக்குத் தெரியும். விலையக் கொறைக்கத்தான் அப்பிடிக் கதச்சேன்."

பஹீம்தான் முதலில் வாய் திறந்தான். "தஸ்பீஹ் கையில வெச்சிக்கிட்டா ராத்தா இந்த யாவாரம் செஞ்சீங்க?"

முகத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

றிஸானா கேட்டது ஒன்றுதான். "அப்ப அவர் திருப்பல்ல?"

"இல்ல."

"அல்லா மேல?"

"அல்லா மேல."

சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். மாப்பு கேட்டேன், அது அவள் காதில் விழுந்ததா தெரியாது. காசைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.

26 திங்கள்

றிஸானாவிடமிருந்து ஐந்து நாளாக ஒரு சொல் இல்லை. ஃபோன் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். வண்டி மூடினபடியே நிற்கிறது. "அந்தப் புள்ள ஒரு வார்த்த செல்லாம நான் ஏற மாட்டன்" என்கிறார் இவர். 'மிச்சம்' என்ற வரியை வெட்டிவிட்டேன்.

இன்று அஸருக்குப் பிறகு அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"றிஸானா, அஸ்ஸலாமு அலைக்கும். கதிரையில் வைத்த காசு உங்கட பிள்ளைகளுடையது. அதை நான் தந்ததாக நினைக்க வேண்டாம். வண்டியே திரும்ப வேணும் என்றாலும் இவர் கொண்டுவந்து விடுவார். நான் மாப்பு கேட்டது வேறு. அதற்கு இல்லை என்று சொன்னாலும் கோபிக்க மாட்டேன். எதுவானாலும் கெதியா பதில் போடுங்க."