அலமாரியில் நிற்கும் கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்படிச் சொல்வது. இப்போது நம் சலூனைத் திறக்கப் போயிருக்கிறார். இரண்டு வரி எழுதுவதும் வாசலை எட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். சர்க்கரைப் புண்ணுக்காக அப்பாவின் காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு நீ பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தாயே ஒரு செயற்கைக் கால், அதை அவர் போடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவதற்கு அரை மணி முன்னால் அலமாரியைத் திறந்து, சுற்றிவைத்த துணியைப் பிரித்து மாட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் மாற்றிக் கூடத்தில் நாலு நடை நடந்து காட்டுகிறார். நீயும் "சூப்பரா நடக்கறீங்கப்பா" என்கிறாய். போனை வைத்ததும் கழற்றித் துடைத்து என் நல்ல புடவைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார். மற்ற நாளெல்லாம் கக்கத்தில் ஊன்றும் கட்டைதான். சலூனில் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் உந்தி உந்தி நாற்காலியைச் சுற்றி வந்து முடி வெட்டுகிறார். உட்கார்ந்தபடி உச்சந்தலை எட்டுமா. வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் குனிந்து கொடுத்துக் கொடுத்து கழுத்து பிடித்துக்கொண்டு போகிறார், "என்னவிட நல்லா வண்டி ஓட்டறாரு" என்று கேலி வேறு.

ஏன் போடுவதில்லை என்று கேட்டால், "இந்தக் காசுக்கு நாலு சக்கர வண்டியே வந்திருக்கும், எனக்கு ஒரு கால்தான் வந்துச்சு, அதப் போய் ரோட்ல தேய்க்கச் சொல்றியா" என்று மழுப்புவார். கஞ்சத்தனம் என்று நானும் திட்டிக்கொண்டே இருந்தேன். போன வாரம் சண்டை முற்றியபோதுதான் வாயைத் திறந்தார். இது நாலைந்து வருஷம்தான் உழைக்கும், பிறகு வேறு வாங்க வேண்டும் என்று கால் செய்து கொடுத்த டெக்னீஷியன் சொன்னாராம். "இந்தக் காலுக்காகத்தான் புள்ள ஊருக்கு வர்றதத் தள்ளிப் போட்டா. இது தேஞ்சா மறுபடி அங்கயே நின்னுடுவா. தேயாம வச்சிருந்தா வந்துடுவா" என்கிறார். சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் தனியாக டெக்னீஷியனிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். போடாமலே வைத்தால் மிச்சக் கால் வீங்கி வடிவம் மாறிவிடுமாம், பிறகு அது நுழையும் குழல் பொருந்தாதாம், அதை மட்டும் புதிதாகச் செய்யவே பாதி விலை ஆகுமாம். இப்போதும் கெட்டுப்போகவில்லை, முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூட்டிக் கூட்டிப் போட்டால் படிந்துவிடும் என்றார். போன ஞாயிறு உனக்கு நடந்து காட்டும்போதே உன் அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார், நீ சிரிக்கிறார் என்று நினைத்திருப்பாய். நான் சொன்னால் "வியாபாரத்துக்கு அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறார்.

அதனால் ஒன்று செய். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிறு என்று சொல்லிவைத்துக் கூப்பிடுவதை விட்டுவிடு. சலூன் திறக்கும் நேரம், மத்தியானம், சாயங்காலம், எப்போது தோன்றுகிறதோ அப்போது வீடியோவில் கூப்பிடு. உன் கண் முன்னால் கட்டையோடு நிற்க அவருக்கு மனசு வராது. நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்தால் நேரே போய்ப் படு. நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, பேச நேரமில்லாத நாளில் போன் மணியை மட்டுமாவது அடித்துவிட்டு வை. நீ மறுபடி கூப்பிடுவாய் என்று அவர் காலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசலில் கட்டைச் சத்தம் கேட்கிறது, மடித்துவிடுகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா