மாமன் போட்ட செயின்

ஜூன் 9, திங்கள்

திரிஷாவுக்குப் பல்லில் கம்பி மாட்டி ஒரு வாரம். இன்னும் கஞ்சிதான் குடிக்கிறாள். இன்று மில் ஆபீஸில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் கார்த்திக்ராஜ் என் மேஜைக்கே வந்துவிட்டான். “அக்கா, பல்லு நேராக்குறதெல்லாம் அழகுக்குப் பண்றதாம், உங்க பில்லத் திருப்பி அனுப்பிட்டாக. கீழ விழுந்து உடைஞ்சாத்தேன் காசாம்.” நாலு பேர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னதும், “அப்ப விழுந்துரட்டுமாம்மா?” என்றாள் திரிஷா. வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெற்றுப்பல்லென்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததிலிருந்து, கையை எடுத்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரையில் இவள் சடங்குக்குத் தேவதானப்பட்டியிலிருந்து சீர் கொண்டுவந்த அண்ணன், சபையில் வைத்தே, “மருமக பல்லுக்கும் நானே தாரேன்த்தா” என்றார். பக்கத்தில் மதினி முகம் சுண்டியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “வேணாம்ணே, எங்க ஆபீஸ் இன்சூரன்ஸே குடுத்துரும்.” ஒரு வார்த்தை விசாரிக்காமல் சொன்னேன். யார் கேட்டார்கள் என்னை?

ஜூன் 12

கம்பி மாட்டியதற்கான முதல் பணத்தை எப்போது கட்டுவீர்கள் என்று பல் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன். வீட்டுக்காரர் கம்பத்தில் குத்தகைக்கு எடுத்த திராட்சை மழையில் வெடித்துப்போயிற்று. அவரிடம் என்ன கேட்பது? அண்ணனிடம் கேட்கலாம். ஒரு போன்தான். நாக்கு எழவில்லை.

ஜூன் 14

செயினை அடகு வைத்தேன். அண்ணன் சடங்குக்குப் போட்ட செயின். பேங்க் லாக்கரில் இருப்பதாகத் திரிஷாவிடம் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது?

ஆகஸ்ட் 20

அண்ணன் போன் செய்தார். புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம். “மருமக கழுத்துல அந்தச் செயினு கெடக்கணும்த்தா. சொந்தக்காரக பாக்கணும்ல.” சரிண்ணே என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 23

தேனி பஜாரில் கவரிங் செயின் வாங்கினேன். அதே போல மாங்காய் டாலர். சீ.

ஆகஸ்ட் 28

பால் காய்ச்சு முடிந்தது.

நல்ல வெயில், கூட்டம் வேறு. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த திரிஷாவின் கழுத்தில், வேர்வையோடு பச்சையாக ஒரு கோடு. நான் எழுந்திருப்பதற்குள் மதினி பார்த்துவிட்டார். செத்தேன் என்று நினைத்தேன். அவர் இவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். பின்னாலேயே ஓடினேன். கதவைச் சாத்தி, ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்து, தாவணியை மேலே இழுத்து ஊக்குக் குத்திவிட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“செயினு எங்கன இருக்கு?”

“அடகுல, மதினி. இன்சூரன்ஸ் குடுக்கலை.” நின்றபடியே அழுதுவிட்டேன். பிள்ளைக்கு முன்னால்.

“உங்கண்ணன் பல்லு கட்டுனப்ப எங்களுக்கு மட்டும் இன்சூரன்ஸுல குடுத்தாகளாக்கும்? எங் காதுத் தோட்டைத்தேன் அடகு வச்சோம். இன்னும் திருப்பல.” காதைக் காட்டினார். “இதும் கவரிங்குத்தேன். ஆமா, நீ எந்தக் கடையில வாங்குன? அச்சு அசலா இருக்கே.”

சடங்கன்று அவர் முகம் சுண்டியது கொடுக்க வழியில்லாமல். கஞ்சம் என்று நானாக முடிவு கட்டி ரோஷப்பட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூசுகிறது.

ஆகஸ்ட் 29

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “எங்கிட்டச் சொல்ல என்னாத்தா?” என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 13

கம்பி இறுக்கும் நாள். இந்த மாதத் தவணையைச் சம்பளத்தில் கட்டினேன். திரும்பும் பஸ்ஸில் எங்கள் தெரு பூமாரி. “என்னாடி, கழுத்து மொட்டையா இருக்கு? மாமன் போட்ட செயினு எங்க?” பஸ் முழுக்கக் கேட்டது. லாக்கரில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரிஷா முந்திக்கொண்டாள்.

“அடகுல இருக்குக்கா. இந்தா, இதுக்குத்தேன்.”

கம்பியோடு அத்தனை பல்லையும் காட்டிச் சிரித்தாள். கை இரண்டும் மடியிலேயே இருந்தன.

வாயைப் பொத்திக்கொண்டது நான்தான்.