ஐந்து வகுப்புக்கு ஒரே கூடம்

செபமலைப்பட்டி,
12.6.1985

பிரியமுள்ள செபாஸ்டின் அண்ணனுக்கு,

பாக்கியமேரி எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்தது, கோபம் குறையவில்லை.

நீ வரைந்த கட்டடப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது! பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வகுப்பறை வரைந்து தா என்றால், ஒரே ஒரு கூடம் போட்டு அனுப்பியிருக்கிறாய். நடுவில் சுவர் கிடையாதாம், டீச்சருக்கு மேடைகூடக் கிடையாதாம். அடப்பாவி, சந்தைக்கடை ஆகிவிடாதா? நான் எங்கே நிற்பது? ஜன்னல் ஏன் முழங்கால் உயரத்தில்? "ஆட்டுக்குட்டி வந்து போறதுக்கா?" என்கிறார் அப்பா.

கோயில் கட்டியபோது செய்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வருவதாக ஊரில் ஒத்துக்கொண்டார்கள். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
பாக்கியம்


பெங்களூர்,
21.6.1985

அன்புத் தங்கைக்கு,

உன் திட்டை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கும் மலை தெரியட்டும் என்றுதான் ஜன்னலைத் தாழ்த்தினேன். மூன்றாம் வகுப்புக்குப் புரியாததை, பக்கத்திலிருக்கும் நாலாம் வகுப்பு சொல்லித்தரும். நீ மேடையில் நிற்காதே, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்.

ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கட்டும். கோயிலில்தான் நடுவே கிராதி போட்டுப் பிரித்துவைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்திலாவது வேண்டாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அண்ணன்,
செபாஸ்டின்


செபமலைப்பட்டி,
9.9.1985

அண்ணா,

பயிற்சிக்காகச் சேலம் போய்விட்டு இன்றுதான் திரும்பினேன். கூடத்துக்கு நடுவில் சுவர் நிற்கிறது! இடுப்பு உயரம் வந்துவிட்டது. காலனிப் பிள்ளைகளுக்குத் தனி வாசல் வேறு!

மேஸ்திரி முனியப்பனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "நானா எதுவும் கட்டலீங்க டீச்சர். பெங்களூர்ல இருந்து புதுப் படம் வந்துதுன்னு உங்கப்பாதாங்க குடுத்தாரு," என்றார். வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்து, அண்ணா! உனக்குத் தெரியாமல் யாரோ செய்த வேலை என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

பாக்கியம்


பெங்களூர்,
18.9.1985

பாக்கியம்,

நான்தான் போட்டேன். நீ சேலம் போனதும் அப்பா இங்கே வந்திருந்தார். சுவர் இல்லாவிட்டால் ஊரில் ஒருத்தரும் மண் சுமக்க வரமாட்டார்கள், கூடமே எழும்பாது என்றார். ஒன்றுமே இல்லாமல் போவதற்குச் சுவரோடாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பத்து வருஷம் போனால் இடித்துக்கொள்ளலாம். கோபப்படாதேம்மா. திறப்பு விழாவுக்கு லீவு சொல்லிவைத்திருக்கிறேன்.

செபாஸ்டின்


செபமலைப்பட்டி,
20.11.1985

செபாஸ்டின் அண்ணனுக்கு,

பத்து வருஷமா? ஒன்றாம் வகுப்பு ரோசம்மாளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று நானே கடப்பாரையை எடுத்தேன். காலனியிலிருந்து குள்ளம்மாள் ஓடிவந்தாள். "நாங்க இடிச்சா அடிப்பாங்க டீச்சர், நீங்க இடிச்சா திட்டுவாங்க. நீங்களே இடிங்க, நான் கல்லப் பொறுக்கறேன்," என்றாள். இடித்துவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

நீயும் அப்பாவும் பயந்ததுதான் நடந்தது. ஊர் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கூரை ஏறவில்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, வெட்டவெளியில் பாடம் நடத்துகிறேன். மழை வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

அப்பா இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுவர் வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே! அதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

கூரை எப்போது ஏறுமோ தெரியாது. ஏறினாலும் நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
ச. பாக்கியமேரி,
தலைமை ஆசிரியை