பிளாஷ் அடித்த அந்த ஒரு தடவை

11 ஜூலை, வெள்ளி

காலையிலிருந்து மேகம், காற்று. பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனி குடோனில் நாளை கபடி. கட்டிங், டெய்லரிங், செக்கிங், பேக்கிங் என்று செக்‌ஷனுக்கு ஒரு டீம். துணி ரோலையெல்லாம் ஓரமாக அடுக்கி நடுவில் மேட் விரித்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. மத்தியானம் பன்னிரண்டுக்கே கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி.

எடுத்துப் பார்த்தது:
ஷட்டர் 500 – இருட்டு.
250 – கை கால் எல்லாம் புகை மாதிரி கலங்கல்.
ஐ.எஸ்.ஓ. 6400 – வெளிச்சம் வருகிறது, முகத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி. டியூப்லைட் வேறு. ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை.

பொம்மைக்குக் குழந்தைச் சட்டை மாட்டி கேட்டலாக் படம் எடுப்பவளுக்கு இது தேவைதானா? தேவைதான். பொம்மை அசையாது, எனக்கு அலுத்துவிட்டது.

நடுவர் ஒரு பி.டி. வாத்தியார். "பிளாஷ் மட்டும் அடிச்சராதீங்க அம்மணி. கபடி பாடிட்டு வர்றவனுக்குக் கண்ணு கட்டிப் போயிரும்." சரிங்க என்றேன்.

பாட்டரி 2 சார்ஜ். லென்ஸ் துடைக்க. தயிர்.

12 ஜூலை, சனி

ஆறு ஆட்டம். ஒருத்தனுக்குப் பல் போனது. இன்னொருத்தன் புருவம் கிழிந்து ரத்தத்தோடு திரும்பப் பாடப் போனான். நெஞ்சும் நெஞ்சும் மோதினால் மூட்டை விழுகிற சத்தம். எனக்கு அது பிடிக்கிறது. எழுத வெட்கமாக இல்லை. ஏழு பேர் ஒருத்தன்மேல் விழும்போது என் விரல் தானாக அழுத்துகிறது.

பேக்கிங் டீமில் மனோஜ் என்று பீகார்க்காரன். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். இன்று ஒன்பது பேரை மல்லாத்தினான்.

சாயங்காலம் முதலாளி படம் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, எல்லாம் இப்பிடிக் கருகருன்னு இருக்குது? செல்போன்லயே இதவிட நல்லா வருமுங்க." மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. நாளைக்கு அடிப்பதென்று பிளாஷை எடுத்துப் பையில் போட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் ஃபைனல். கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும். கட்டிங்கில் செந்தில், உள்ளூர்ப் பையன், முதலாளிக்குச் செல்லம். பாடி வந்த செந்தில், பிடிக்கப் பாய்ந்த மனோஜின் தலைக்கு மேலே எகிறினான். பிளாஷ் அடித்தேன். குடோனே வெளுத்தது. செந்தில் கண் தெரியாமல் இறங்கினான். முட்டி தப்பான பக்கம் மடங்கியது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

பக்கத்தில் கிடந்தவன் மனோஜ். "காலப் புடிச்சு முறுக்கிப் போட்டான்டா இந்திக்காரன்!" யாரோ கத்தினான். அவ்வளவுதான். முப்பது பேர் இருக்கும். செருப்பு, உடைந்த நாற்காலிக் கால், துணி ரோலின் அட்டைக் குழாய். "கை படல, கை படல" என்று மனோஜ் தமிழில்தான் கத்தினான். வாத்தியார் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். மனோஜின் வாயில் உதைத்தார்கள். விழுந்த பிறகும் உதைத்தார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் இல்லை.

14 ஜூலை, திங்கள்

தூறல். செந்திலுக்கு முட்டியில் ஜவ்வு அறுந்திருக்கிறது, ஆபரேஷன். மனோஜுக்கு மூன்று பல் போயிற்று, இடது கை முறிந்திருக்கிறது. வேலையும் போயிற்றாம்.

படங்களை இறக்கினேன். பிளாஷ் படம் நான் எடுத்ததிலேயே சுத்தமானது. செந்திலின் வியர்வைத் துளிகூடத் தெரிகிறது. அதற்கு அடுத்த படத்தில் பிளாஷ் எரியவில்லை, இருட்டு. கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றிப் பார்த்தேன். செந்தில் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான், முட்டி மடங்குகிறது, மனோஜின் கை ஒரு சாண் தள்ளி. படவில்லை. படவே இல்லை.

அப்புறமும் எடுத்திருக்கிறேன். அடித்ததையெல்லாம். அவற்றைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்காரர், அந்த ஊர்ப் பேச்சை இன்னும் விடவில்லை. "அழிச்சுத் தொலையேன். ஒனக்கு என்னட்டி வந்துச்சு? நாளைக்கு நம்மளத்தான் அடிப்பானுவ."

15 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

முதலாளி ரூமில் படத்தை நீட்டினேன். "பிளாஷ் அடிச்சது நாந்தாங்க. மனோஜ் தொடவே இல்ல." ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தப் பையனப் போட்டு அந்த அடி அடிச்சுப் போட்டாங்களேங்க" என்றார். அப்புறம், "அவன வேலைக்கு வரச் சொல்லிருங்க. நீங்க இனிமே கேமராவத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்தராதீங்க அம்மணி."

போகட்டும். நெஞ்சு லேசாயிற்று. பெரிதாக என்னவோ சாதித்தவள் மாதிரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு நேரே மனோஜ் ரூமுக்குப் போனேன்.

ஒரு கண் வீங்கி மூடியே கிடந்தது. எல்லாம் சொன்னேன். பிளாஷ், முதலாளி, வேலை. மன்னிப்பும் கேட்டேன். தலையாட்டினான்.

"அக்கா, அடிச்சாங்கள்ல, அந்த போட்டோ இருக்கா?"

இருக்கிறது என்றேன். யார் யார் அடித்தார்கள் என்று பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். கேமராவைக் கொடுத்தேன். ஒரு கையால் ஒவ்வொன்றாகத் தள்ளினான். அடித்தவன் எவனையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஒன்றில் நிறுத்தினான். மேலே நாற்காலிக் கால் ஓங்கியிருக்கிறது. கீழே அவன் முகம், வாய் திறந்து, நேராக லென்ஸைப் பார்த்து. ஃபோகஸ் அவ்வளவு துல்லியம்.

"இதுல உன்னத்தான் கூப்பிடறேன் அக்கா."